அரைப் பேர்

வியாழக்கிழமைகளில் பல் வைத்தியர் வருவதில்லை.
ஆகவே அந்த அறை எனக்கு.
டிக்கோயா ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
ஈ.சி.ஜி. அறைக்கும் துடைப்பம் வைக்கும் இடத்துக்கும் நடுவில்
ஒரு மேசை, ஒரு குண்டு பல்பு,
பாதி சாய்ந்தபடியே இறுகிப்போன நாற்காலி.
அதில் உட்காருகிறவர்கள் எல்லோரும்
முதலில் வாயைத் திறக்கிறார்கள்.
"பல்லு இல்லங்க" என்றதும்
மூடிக்கொள்கிறார்கள்.
மூடியதைத் திறக்கத்தான்
சனி ஞாயிறு கொழும்பில் படிக்கிறேன்.

மருத்துவ உளவியல், முதுமாணி, இரண்டாம் வருடம்.
நான்காம் தவணைப் பணம் இன்னும் கட்டவில்லை.
ஆய்வுக்கு நாற்பது பெண்கள் வேண்டும்.
முப்பத்தொருவர் கிடைத்திருக்கிறார்கள்.

முப்பத்திரண்டாவது, வேளாங்கண்ணி.
மேல் டிவிசன், மூன்றாம் நம்பர் லயம்.
தூக்கமில்லை என்று ஓ.பி.டி.யில் சொன்னவரைத்
துண்டு எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.
அட்டை கடித்த கணுக்காலில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

ஒப்புதல் படிவத்தை வாசித்தேன்,
நெறிமுறைக் குழு கையொப்பமிட்ட தமிழில்:
இவ்வாய்வில் தங்கள் பெயர் எவ்விடத்திலும் பதியப்படமாட்டாது.
முகத்தைப் பார்த்துவிட்டு
விளங்குகிற மாதிரி சொன்னேன்:
"உங்க பேரப் போட மாட்டோம்க்கா."

எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலி விடவில்லை.
"பேர் போட மாட்டீங்களா?
காலையில பெரட்டுக்குப் போயி
கணக்கப்பிள்ளகிட்ட சொல்லிட்டுத்தானே தங்கச்சி வந்தேன்?"

லயத்துக் காம்பராவில் பிறந்தவள் நான்.
ஹட்டனில் ரயிலேறும்போது
கழற்றி வைக்கும் சொற்களில் அதுவும் ஒன்று.
பேர் என்றால் இங்கே ஒரு நாள்,
ஒரு நாளின் கூலி.
கிலோ குறைந்தால் அரைப் பேர்.
பேர் விழாவிட்டால்
அந்த நாள் விடிந்ததற்கே சாட்சியில்லை.

பயம் தெளிந்து கேள்விகளுக்கு வந்தோம்.
வழக்கமாகச் செய்யும் காரியங்களில் நாட்டம் குறைந்திருக்கிறதா?
"கொழுந்து எடுக்கறதுலயா?"
கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.
சிரித்தால் எந்தக் கட்டத்தில் புள்ளடி என்று
கையேட்டில் இல்லை.

எப்போதிருந்து தூக்கமில்லை?
"மக குவைத்துக்குப் போன மாசத்துலேர்ந்து."
எல்லா நாளுமா, சில நாளா?
விரல்களை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார்.
"வாரத்துக்கு நாலு பேர் தூக்கமில்ல.
ரெண்டு அரைப் பேர்.
ஞாயித்துக்கெழம கணக்கில்ல."

அப்படியே எழுதிக்கொண்டேன்.
கொழும்பு மொழிபெயர்ப்பாளர் அதை
'நான்கு நபர்கள் உறங்குவதில்லை' என்று ஆக்கினார்.
மேற்பார்வையாளர் திலினி மேடம், நல்லவர்,
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்:
அந்த வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?

படிவத்தைத் திருத்த மனுச் செய்திருக்கிறேன்.
திருத்தத்துக்கான காரணம், இரண்டு வரிக்குள்.
வட்டவளையில் எழுதத் தொடங்கி
ரம்புக்கனைக்கு வரும்போது
முதல் வரியும் அடிபட்டிருந்தது.

அன்றைக்கு, கேள்விகள் முடிவதற்குள்
அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.
மகளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார் அப்போதுதான்.
"துண்டு ஒண்ணு எழுதிக் குடு தங்கச்சி.
பன்னெண்டுக்குள்ள மலைக்குப் போயிட்டா
அரைப் பேராவது விழும்."

வந்த நேரம் எட்டு ஐம்பது.
போன நேரம் பதினொன்று பத்து.
சூசை வேளாங்கண்ணி என்று
முழுப் பேரையும் நிறுத்தி எழுதினேன்,
என் கையெழுத்தில் அந்தப் பேர்
வேறெங்கும் இருக்கக் கூடாது.
மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.
படியிறங்கிய வேகத்தில்
அட்டைக் கடி மறுபடி கசிந்திருக்கும்.

புள்ளிகளைக் கூட்டினேன். ஒன்பது.
மிதமானது என்கிறது அட்டவணை.
ஐம்பது நிமிட அமர்வில்
இருபது நிமிடம் மீந்து கிடந்தது,
மகள் பாதியில் நின்ற இடத்தில்.

கதவுக்கு வெளியே இருமல் கேட்டது.
முப்பத்துமூன்று உள்ளே வந்து,
சாய்ந்து,
வாயைத் திறந்தார்.