இருநூறு நிமிஷம்

காலை நாலே முக்கால். கூடலூர் ஜீப் ஸ்டாண்ட்.
ஏலக்காட்டுக்குப் போகிற எங்களுக்கு முன்னாலேயே
கூடைப்பந்து ஏறி உட்கார்ந்திருக்கிறது.

போன மே மாதம் பெரியகுளத்தில்
நாற்பத்தொரு பாயிண்டில் தோற்று வந்த அணி.
இந்த வருஷம் கால் இறுதி நிச்சயம் என்கிறான் ஒச்சப்பன்.
மூன்றாவது தடவையும் செல்ஃப் எடுக்கவில்லை.
"முதல்ல உன் வண்டி குமுளி ஏறட்டும்."
இது மொக்கராசு.
அவன் ஜீப் கிளட்ச் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது.
ஒரு வாரமாக எங்கள் முன் சீட்டில் அவன்.

கணக்கு எனக்குத் தெரியும்.
பத்துப் பத்து நிமிஷமாக நாலு பகுதி, உள்ளே ஐந்து பேர்.
இருநூறு நிமிஷம்தான் ஒரு மேட்ச்.
அதைப் பன்னிரண்டு பையன்கள் பங்கு போட வேண்டும்.
கங்காணியின் தராசு முன்னால் பதினோரு வருஷம் நின்றவளுக்கு
இதெல்லாம் ஒரு கணக்கா?

தவசிக்கு முப்பத்தாறு நிமிஷம் தருகிறார் சௌந்தர் சார்.
தவசிக்கு வயசும் முப்பத்தாறு.
இடது முட்டியில் நீல உறை.
மூன்றாம் பகுதியில் அவன் ஓடுவது
பாரம் ஏற்றிய லாரி கொண்டை ஊசியில் திரும்புகிற மாதிரி.
"சரி, கடைசி ரெண்டு நிமிஷம் பந்து யாரு கையில இருக்கணும்? சொல்லு."
யாரும் சொல்லவில்லை.

அப்புறம் சிஜோ. குமுளிப் பையன்,
ஆறடி நாலு அங்குலம். மேட்சுக்கு நாலரை நிமிஷம்.
மீதி நேரம் பெஞ்சில்
மற்றவர்கள் வியர்வைத் துண்டை மடித்துக்கொண்டிருப்பான்.

"நம்ம ஊர்ப் பையனை உக்கார வச்சிட்டு
அந்தப் பக்கத்துக்காரனை இறக்கவா?"
மொக்கராசு கேட்டபோது
லோயர் கேம்ப் குழாய்களைத் தாண்டிக்கொண்டிருந்தோம்.
மலையிலிருந்து இறங்கும் நாலு குழாய், இருட்டில் இன்னும் கறுப்பாக.
"தண்ணியும் அந்தப் பக்கத்துதான்.
உன் வயலுக்கு வேண்டாம்னு சொல்லிருவியா?"
அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பேச்சித்தாய்,
கண்ணைத் திறக்காமலே.

ஒச்சப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.
"திறமைக்காரனை பெஞ்சுலயே வச்சிருந்தா கால் மரத்துப் போகும்.
மாத்தி மாத்தி இறக்கணும்யா.
எல்லாருக்கும் மூச்சு வேணும்ல?"

நான் பின்படியில் நின்றிருந்தேன்.
ஒரு கையில் கம்பி, ஒரு கையில் தூக்குவாளி.
நாலு வருஷமாக அதே படி.
உள்ளே பதினாறு பேர்.
வீருசின்னம்மாள் மடியில் ஒருத்தி,
அந்த ஒருத்தி மடியில் எல்லார் பையும்.

"ஒச்சப்பா, நிறுத்து."
யாருக்கோ வாந்தி என்று நினைத்து பிரேக் போட்டான்.
இறங்கி முன்னால் போனேன்.
ஆள் மாற்றும்போது நடுவர் காட்டுவாரே,
அப்படி முழங்கைக்குக் கீழே இரண்டு கையையும்
குறுக்காக வைத்துக் காட்டினேன்.
"மொக்கராசு வெளிய. வீருசின்னம்மா உள்ள."

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.
இல்லையென்றால் இறங்கியிருக்க மாட்டான்.

செக்போஸ்ட் வரை பதினோரு நிமிஷம்
என்னோடு படியில் தொங்கிக்கொண்டு வந்தான்.
"குளிருது" என்றான்.
"ஆமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்னமனூர்க்காரர்களோடு மேட்ச்.
சிஜோவுக்குப் பதினாலு நிமிஷம். ஏன் என்று சார் சொல்லவில்லை.
வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை ஏழு தடவை பிடித்தான்.
ஃப்ரீ த்ரோ இரண்டையும் விட்டான்.
கடைசிப் பந்து தவசி கையில்தான் இருந்தது.
மூன்று பாயிண்டில் தோற்றோம்.

திங்கள், நாலே முக்கால்.
பதினாலு நிமிஷம் ஜாஸ்தி என்கிறான் மொக்கராசு,
தன் வண்டிக் கதவில் சாய்ந்தபடி. கிளட்ச் வந்துவிட்டது.
பத்தாது என்கிறான் ஒச்சப்பன்.
தவசியைப் பற்றி இன்றைக்கு இருவருமே பேசவில்லை.

எங்கள் முன் சீட்டு காலி.
பேச்சித்தாய்க்கு முதுகுவலி.
வீருசின்னம்மாள் நேற்றே துண்டு போட்டுவிட்டதாகச் சொல்கிறாள்.
செக்போஸ்டுக்கு முன்னால் ஏழு நிமிஷமாவது
எனக்கு வேண்டும் என்றேன்.
சண்டை சூடு பிடித்தது.
ஒச்சப்பன் செல்ஃப் போட்டுப் பார்த்தான்.