நெற்றித் தடம்

லோகன் விமான நிலையத்தில்
பதினாறு வருஷமாக ஜன்னல் துடைக்கிறேன்.
ஒரு விமானத்துக்கு நாற்பது நிமிஷம்.
நானும் கிலெர்மினாவும் பின்வாசல் வழியாக ஏறுவோம்.
அவளுக்கு வேக்குவம், எனக்கு நீலத்துணி.

ஜன்னலில் எது அழுக்கு என்று நினைக்கிறீர்கள்?
காபி இல்லை. ஜாம் விரல்கூட ஒன்றோ இரண்டோதான்.
நெற்றி.
மனித நெற்றியின் எண்ணெய்,
வட்டமாக, சில சமயம் ஒரு புருவ முடியோடு,
அதற்குக் கீழே
மூக்கு நுனி வைத்த புள்ளி.

லண்டனிலிருந்து பகலில் வரும் விமானத்தில்
இடப்பக்கம் முழுக்கத் திரை இறங்கியிருக்கும்.
வழிநெடுகத் தெற்கு வெயில்
முகத்தில் அறைந்திருக்கும் போல.
வலப்பக்கம்தான் நெற்றிகள்.
அதிலும் இறக்கைமேல் உட்கார்ந்தவர்களின் கண்ணாடி
நேற்று வாங்கியதுபோல் பளபளக்கும்.
தகரத்தை எத்தனை நேரம் பார்ப்பது?
இறக்கை முடிந்து நாலைந்து வரிசை தள்ளி,
முப்பத்தைந்திலிருந்து நாற்பதுவரை,
ஒரு துடைப்பில் போகாது.
அங்கே ஒரு பையில் கிடைத்தது
ஏதோ குழந்தை காகித நாப்கினில் வரைந்த பனிப்பாறை,
கறுப்புக் கடலில் உடைந்த பல் மாதிரி.

இருபத்தொன்பதாம் வரிசையில் ஜன்னலே கிடையாது.
சுவர்.
ஜன்னலுக்குக் காசு கொடுத்துச்
சுவர் வாங்கியவர்கள் அங்கே உட்காருவார்கள்.
ஒருமுறை அந்தச் சுவரில் யாரோ
பேனாவால் ஜன்னல் போட்டிருந்தார்கள்,
உள்ளே ஒரு மீன்.
துடைக்க எனக்கு மனசு வரவில்லை.
மேற்பார்வையாளர் பகானெல்லிக்கு வந்தது.

இப்படித்தான் எனக்குள் ஒரு கணக்கு சேர்ந்தது.
மேற்கே வருகிறாயா, பகலா: வலம்.
கிழக்கே போகிறாயா, இரவா: இடம்.
வடக்கு அந்தப் பக்கம்தானே,
பச்சை வெளிச்சம் ஆடினால் அங்கேதான் ஆடும்.
செக்-இன் பெண்கள்கூட
சொந்த லீவுக்கு என்னிடம் கேட்டுப் போவார்கள்.
நான் பறந்ததென்னவோ ஒரே தடவை.
டெர்செய்ராத் தீவிலிருந்து, மூன்று வயதில்,
அம்மா மடியில். நடு இருக்கை.

போன மார்ச்சில் என் மகன் நெலியோவுக்கு
கோர்க் நகரத்தில் பெண் குழந்தை பிறந்தது.
டப்ளினுக்கு இரவு விமானம்,
முப்பத்தெட்டு ஏ.
'முன்னால கால் நீட்ட இடமிருக்கு, சும்மாவே தர்றேன்'
என்றான் கவுண்டர் பையன்.
வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தில்
கொஞ்சம் பயந்துபோனான்.

உட்கார்ந்ததும் கைக்குட்டையைத்தான் எடுத்தேன்.
யார் ஷிப்ட்டோ தெரியவில்லை,
கீழ் மூலையில் பாதி நெற்றியை விட்டிருந்தார்கள்.
ஊதி, தேய்த்து,
எதிர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து,
பக்கத்து இருக்கைக்காரர் என்னையே பார்ப்பது தெரிந்து
கைக்குட்டையை மடித்தேன்.
லெட்ரிம் பக்கத்து ஆள், பாய்லர் ரிப்பேர், பெயர் எயோன்.
அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

பாஸ்டன் விளக்குகள் சரிந்தன.
பிறகு ஒரு மீன்பிடிப் படகு, ஒற்றைப் பொறி.
பிறகு இறக்கை நுனியில் சிமிட்டும் சிவப்பு மட்டும்.
காத்திருந்தேன்.
முந்தின நாள் இரட்டை ஷிப்ட்,
முழங்காலில் இன்னும் ஈரம் இருப்பதுபோல் இருந்தது.
இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாமென்று
கண்ணாடியில் தலையை வைத்தேன்.
சில்லென்று இருந்தது.

சக்கரம் இறங்கும் சத்தத்தில் கண் விழித்தேன்.
வெளியே நனைந்த வயல்கள், காலை,
கண்ணாடியில் என் நெற்றி.
அகலமாக, எண்ணெயாக, புருவத்தோடு.

அப்படியானால் இத்தனை வருஷம்
நான் எண்ணிக்கொண்டிருந்தது காட்சியையா,
தூக்கத்தையா?
எத்தனை பேருக்கு வலம் சொன்னேன், இடம் சொன்னேன்.

'வந்துச்சு' என்றார் எயோன், பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே.
'பச்சையா. ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.
எழுப்ப மனசு வரல.'

எப்படிப் பார்த்தீர்கள், என் தலை மறைத்திருக்குமே என்றேன்.
கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும்
கொஞ்சம் விரித்துக் காட்டினார்.
'உங்க காதுக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் நடுவுல
இவ்வளவு இருந்துச்சு.'