டின் மூடி

லிஃப்ட் எப்போதும் போல வேலை செய்யவில்லை.
ஏழாம் மாடியில் மூச்சு வாங்க நின்றால்
முகத்துவாரத்துக் கடல் கொஞ்சம் தெரியும்,
ஆறு வந்து விழுமிடம் பழுப்பாய்.
வீடு ஒன்பதாவதில்.

முதல் தடவை கதவு திறக்கவில்லை.
இரண்டாம் தடவை ஒரு கண்ணளவு:
"லீசிங்காரங்களா?"
"இல்லை, பிள்ளையைப் பார்க்க வந்தனான்."
"பிள்ளையையும் கொண்டு போவீங்களா?"

ஓட்டோவை மாசியில் கொண்டுபோனார்கள்.
டெரன்ஸ் பிறகு தன்னையே எங்கோ கொண்டுபோனான்.
போன் அடித்தால் ஒரு சிங்களப் பெண்குரல்
தொடர்பு இல்லை என்று மரியாதையாகச் சொல்லும்.

மூன்றாம் தடவை இருபத்திரண்டு கேள்விகளோடு போனேன்.
கடந்த ஏழு நாளில் எத்தனை நாள்
மனம் சோர்ந்திருந்தீர்கள்?
ரொமிலா அடுப்பைப் பார்த்தாள்.
அடுப்பில் ஒன்றும் இல்லை.
படிவத்தை மடித்தேன்.
"கொஞ்சம் படுங்கோ. நான் இருக்கிறன்."
கதவுச் சாவியைக் கைக்குள் பொத்தியபடி
சுவர்ப் பக்கம் திரும்பி
நாற்பது நிமிடம் படுத்தாள்.
அதற்கு அறிக்கையில் கட்டம் கிடையாது.
'வேறு' என்பதில் எழுதினேன்: தாய் உறங்கினார்.
மேலதிகாரி சிவப்பு மையில் கேட்டார்: செயற்பாடு?

இன்று நான்காம் தடவை.
ரெனோஷனுக்கு இரண்டரை வயது,
இன்னும் ஒரு சொல் வரவில்லை.
நான் கொண்டுபோன நிறக்கட்டைகளை
அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
வெறும் பால்மா டின்னிடம் போய்
மூடியில் அடித்தான்.
டக்.

பிள்ளை அனுப்புவதைத் திருப்பி அனுப்பு:
பயிற்சியில் சொல்லித் தந்ததே அதுதான்.
கையை ஓங்கிவிட்டேன்.
அதற்குள் குசினியிலிருந்து
கரண்டி சட்டியில் பட்ட சத்தம்,
டக்.
வேண்டுமென்றா, தற்செயலா,
அவள் முதுகு சொல்லவில்லை.

அவன் கழுத்தைத் திருப்பினான்.
டக் டக்.
கீழே மீன்காரனின் ஹோர்ன்.
பக்கத்து வீட்டில் டீவி.
பதினொன்று வரை எண்ணினேன்.
என் கையை என் தொடைக்கடியில்
வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

டக் டக்.

பிள்ளை சிரித்தானா என்று கேட்காதீர்கள்.
பருப்பு அடிப்பிடித்தது.
"சனியன்" என்றாள், சட்டியை.
மூன்று மாத வாடகை இன்னும் பாக்கிதான்.

செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்தாள்.
"மிஸ், அடுத்த செவ்வாய்
மூன்று மணிக்குப் பிறகு வாங்க.
இது தண்ணி வர்ற நேரம்,
எனக்கு இருந்து விளையாட ஏலாது."