வரிசை முப்பத்தொன்று

பள்ளத்தூர் தாண்டி, கண்மாய்க்கு மேற்கே
முக்கால் ஏக்கர் செம்புறை மண்.
குத்தகை பேசும்போது தரகர் கேட்டார்,
"என்ன போடப் போறீங்க?"
"உருளைக்கிழங்கு."
ரசீதில் 'இதர பயிர்' என்று எழுதிக்கொண்டார்.

எனக்கு வேண்டியது விளைச்சல் இல்லை,
இந்த ஊரின் இரவு.

பகல் வெயிலை உருளை பொறுத்துக்கொள்ளும்,
சுருண்ட இலை சாயங்காலம் நிமிரும்.
கிழங்கு கட்டுவது இரவின் வேலை.
இரவு குளிராவிட்டால்
மண்ணுக்குள் ஓடும் வெள்ளைக் கொடி
முனையில் உப்ப மறந்து
வெளிச்சத்துக்கே திரும்பி ஏறி
இன்னொரு கிளையாகிவிடும்.

உருளை விளைகிற ஊர்களின் ராத்திரிச் சூடு
முப்பது வருஷத்தில் எங்கே போய் நிற்குமென்று
தாளில் ஒரு கோடு இழுத்திருந்தோம்.
கோட்டின் நுனியில்
பள்ளத்தூரின் மார்கழி இருந்தது.

இந்தப் பக்கத்தில் சொல்லிப் புரியவைப்பது சுலபம்.
ஒன்பது கோயில்;
ஒரே கோயிலுக்குள் கொண்டு கொடுப்பதில்லை.
நான் பார்த்த சம்பந்தமும் அப்படித்தான்.
பெண் ஊட்டிக்காரி, மாவு நிறைந்தவள்.
மாப்பிள்ளை பாறை இடுக்கில் கிடந்த காட்டுச்செடி,
கிழங்கு கோலிக்குண்டு அளவு,
சொத்து ஒன்றும் கிடையாது,
சூட்டுக்கு அசரமாட்டான் என்பதைத் தவிர.
அவள் பூவின் மகரந்தப் பைகளைக் கிடுக்கியால் களைந்து
அவன் பொடியைத் தூரிகையில் தொட்டு
பொட்டு மாதிரி வைத்துவிட்டேன்.
நாலாயிரம் நாற்று பிறந்தது.
நாற்பத்திரண்டு பிழைத்து, கிழங்காகி
கார்த்திகையில் இங்கே இறங்கியது.

காவலுக்கு வெள்ளைக்கண்ணு.
ராத்திரி இரண்டு மணிக்கு வெப்பமானி பார்க்கணும்.
இருபத்தொன்று புள்ளி ஆறு.
இருபத்திரண்டு.
இருபத்திரண்டு புள்ளி எட்டு,
பக்கத்தில் பென்சிலில்: 'மேகம். கொசு.'
பன்றி வந்த இரவுக்கு எண்ணே இல்லை,
'விரட்டினேன்' மட்டும்.

மாசி பிறந்தபோது செடிகள் இடுப்பளவு.
சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள்.
பஞ்சவர்ணம் முதல் வரிசையைப் பிடுங்கி உதறினாள்.
மண்தான் விழுந்தது.
"முகப்பு மட்டும் கட்டியிருக்கு" என்றாள்.

பத்தாவது வரிசையில் சுண்டைக்காய்.
பதினெட்டில் வெடித்துக் கோணியது இரண்டு.
இருபத்தாறுக்குப் பிறகு
நான் குனிந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

முப்பத்தொன்றில் அவள் பேசாமல் நின்றாள்.
ஒரே செடியில் ஏழு.
எலுமிச்சை அளவு, தோல் கீறாமல்.
அடுத்த செடியில் எட்டு.
வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.
ஒன்பது வருஷம், அம்மா.

மோட்டார் ரூமில் நாலைந்தை வேகவைத்தாள்,
உப்பு, கிள்ளிப்போட்ட வரமிளகாய்.
ஊதி ஊதி வாயில் போட்டவள்
வெளியே ஓடித் துப்பினாள்.
"பாகற்காய்க்குத் தம்பியால்ல இருக்கு!"
நானும் கடித்தேன்.
அடிநாக்கில் தொடங்கித் தொண்டைவரை எரிந்தது.
மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு குணம்தான் கேட்டேன்,
தன் கசப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.
கேட்காத சீர்.

நோட்டில் எழுதினேன்:
தாங்குகிறது. கசக்கிறது.
வெள்ளைக்கண்ணு எட்டிப் பார்த்தான்.
"நல்லாயிருக்குன்னு எழுதுறீகளா, இல்லைன்னா?"

ஊட்டிக்காரியின் தங்கை ஒருத்தியை
இதற்குக் கட்டிவைக்கணும்.
அதில் பிறப்பதற்கு இன்னொருத்தியை.
தலைமுறைக்குப் பாதியாகக் கசப்பு கரையும்,
கூடவே மற்றதும் கரைந்துவிடாமல்
ஒவ்வொரு முறையும் இங்கே கொண்டுவந்து சுடணும்.
ஆறு வருஷம்.
ஏழு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரி பஸ். மடியில் சணல் பை.
கண்டக்டர் விரலால் வாயைப் பிரித்துப் பார்த்தார்.
"எங்கே கொண்டுபோறீங்க?"
"ஊட்டிக்கு."
"ஊட்டிக்கே உருளைக்கிழங்கா!"
கடைசி சீட்டுவரை சிரிப்பு போனது.
லக்கேஜ் டிக்கெட் கிழிக்கவில்லை.

திருமயம் தாண்டியும்
ஜன்னல் காற்று வெதுவெதுப்பாகவே வந்தது.
மடியில் ஆறேழு கிலோ,
முளைக்கண்ணை மூடிக்கொண்டு
தூங்கிக்கொண்டிருந்தது.