ஆட்சேபணைக் கூட்டம்

விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள்
நகராட்சியின் அறிவிப்பு.
மழை உள்ளே புகுந்து மை கரைந்து
‘திங்கள் முதல் சனி வரை’ மட்டும் பிழைத்திருந்தது.

ஸ்வான்சியில் எங்கள் சரிவுத் தெரு.
வீடு நாற்பத்தொன்று, கார் அறுபது.
டெலித் இரவுப்பணி முடிந்து எட்டரைக்கு வருவாள்.
‘தூங்கப் போகவும் அனுமதிச் சீட்டா?’ என்றாள்.
எம்ரிஸின் கால்புண்ணுக்குக் கட்டு மாற்ற வரும் நர்ஸ்
பன்னிரண்டு நிமிடம்தான் நிற்பாள்.
அதற்கும் விலை போட்டுவிட்டார்கள்.

மண்டபம் கிடைக்கவில்லை.
தெருவிலேயே கூடலாம் என்றோம்.
நாற்காலி போட இடம் வேண்டுமே!
ஞாயிறு மூன்று மணிக்கு
ஆளாளுக்குக் காரை எடுத்துப் போய்
கீழே, பூட்டிக் கிடக்கும் தேவாலயத்தின்
பின்பக்கம் விட்டுவிட்டு
மூச்சு வாங்க மேலேறி வந்தால்

தெரு இருந்தது.

இத்தனை அகலமா இது?
ஓரக்கல்லில் துருப்பிடித்த இரும்பு வளையம்,
குதிரை கட்டியதாம்.
ஹவெலின் மகள் ரோட்டுக்கு நடுவே நின்று
‘இங்கேயிருந்து கடல் தெரியுது’ என்று கத்தினாள்.
போய் நின்று பார்த்தேன். தெரிந்தது,
இரண்டு புகைபோக்கிகளுக்கு இடையில்
ஒரு விரற்கடை.

சத்தம் போட வந்தவர்கள்
கொஞ்ச நேரம் சும்மா நின்றோம்.

பிறகு நெரிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு
மனுவை வாசித்தாள்.
எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும்தான்.
பேனா எழுதவில்லை,
உதறி உதறிப் போட்டேன்.

ஐந்தரைக்குள் கார்கள் மேலேறிவிட்டன.
என் வாசலில் முப்பதாம் எண்காரர்
நிறுத்தியிருந்தார்.
கதவைத் தட்டப் போனேன்.