மூன்றாம் கூடு

புதுக்கடை நீதிமன்ற வாசலுக்கு எதிரே
முத்திரை விற்கிறவரின் கடைக்கு மேலே
ஒன்றரை யன்னல் வைத்த அறையில்
நான் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர்.
பக்கம் எண்ணூறு ரூபாய். சீனம் என்றால் நாலாயிரம்.
பழைய சீனம் யாரும் கேட்பதில்லை,
பரீட்சையில் எனக்கு அதில் நாற்பத்தொரு புள்ளி.

செவ்வாய்க்கிழமை தவயோகன் வந்தார்,
மஞ்சள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு.
காலங்கடந்த பிறப்புப் பதிவை மறுத்த கடிதம், சிங்களத்தில்.
என்ன சொல்லி மறுத்தார்கள் என்று
ஒருக்கால் தன் மொழியில் வாசிக்க வேணுமாம்.

எண்பத்து மூன்று. ஆடி கழியவில்லை.
கொழும்புத் துறையில் சனத்தை ஏற்றிய சரக்குக் கப்பல்
காங்கேசன்துறையைக் காணுமுன்
அரிசி மூடும் படங்கின்மேல் இவர்.
'பிறந்த இடம்' என்ற மூன்றாம் கூட்டில்
பெரியம்மாவின் சத்தியக்கடதாசி 'கடல்' என்கிறது.
கடலுக்குப் பதிவாளர் பிரிவு இல்லை.
ஆகவே இப்பிறப்பு நிகழ்ந்ததாக

என்ற இடத்தில் பேனை நின்றது.
நிகழ்ச்சியா இவர்? ஏற்பட்டாரா?
பிரச்சினை ஏற்படும், பிள்ளை ஏற்படாது.
சூரியன் உதிக்கும்.
கொப்புளம் தோன்றும்.
பயறு முளைக்கும், இந்தத் தெருவில் கள்ளக் கையொப்பமும்.

மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டு
அகராதியைத் திறந்தேன், வேலைக்காக அல்ல.
ஓர் ஆள் உலகத்துக்குள் வர
பழைய சீனம் எத்தனை வாசல் வைத்திருந்தது!
ஷெங்: மண்ணைக் கீறி எழும் முளை.
மண் வேண்டுமே.
ச்சூ: குழியிலிருந்து வெளியே வைத்த பாதம்.
ட்சுவோ: கிடந்தது சட்டென எழும்புதல்,
காற்றுப்போல, கலகம்போல.
அந்த ஆடியில் இந்த ஊரில் எழும்பியதற்கு அது போதும்,
இவருக்கு வேண்டாம்.
ஹுவா: நிமிர்ந்த ஆள் ஒன்று, பக்கத்தில் தலைகீழாய் ஒன்று.
மாறுதல் என்கிறது அகராதி.
எனக்கு ஆடும் கப்பல் தட்டும்
தலை முன்னால் வரும் பிள்ளையும் தெரிந்தது.

பிறகு யோ.
ஒரு கை. கையில் இறைச்சித் துண்டு.
இருக்கிறது என்பதற்கு
அவர்கள் கீறியது அவ்வளவுதான்.

நானும் சொல்லிப் பார்த்தேன்: உண்டு.
சாப்பிட்டு, என்றும் அதுவே. இருக்கிறது, என்றும் அதுவே.
உண்டாயிருக்கிறாள் என்போம்
வாயில் ஒன்றும் தங்காதவளை.
இரண்டு மொழியும் பேசிவைத்துச் செய்ததல்ல,
தற்செயல்தான்.
ஆனாலும் மூன்று மணிக்கு அவரைக் கேட்டேன்,
அம்மா கப்பலில் என்ன சாப்பிட்டா?

"ஒரு மாலுமி பாண்துண்டு நீட்டினவனாம்.
சாகுமட்டும் அந்தப் பாணைப் பற்றித்தான் கதைப்பா.
நான் பிறந்ததைப் பற்றிக் கேட்டாலும்
பாண்தான்."

இப்போது துறைமுக நகரத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறார்.
கடலடி மணலை உறிஞ்சி
வானவில்லாய் வீசி எழுப்பிய நிலம்.
அதன் ஒப்பந்தம் என் கையால் போனது:
'ஊதி நிரப்புதல்' என்று எழுதினேன், இன்னும் உறுத்துகிறது.
அதுவும் கடலில் பிறந்ததுதான்.
பாராளுமன்றம் கூடிக் கொழும்போடு சேர்த்தது.
"என்னைவிட முப்பத்தாறு வயசு இளசு, தங்கச்சி,
அதுக்குக் கடதாசி இருக்கு," என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன். பிறகு இருவரும் நிறுத்தினோம்.

இல்லை என்பதை ஆம் ஆக்க எனக்கு அதிகாரமில்லை.
சத்தியம் செய்தவள்.
'இப்பிறப்பு உண்டு எனக் கொள்வதற்கில்லை'
என்று எழுதி முத்திரை குத்தினேன்.
அவர் விரலை 'உண்டு'வில் வைத்து
கொஞ்சநேரம் எடுக்கவில்லை.

நூறு ரூபாய் குறைத்தேன்.
யன்னலால் பார்த்தபோது
முத்திரைக்காரரின் வாங்கில் இருந்தார்,
மடியில் கடிதம், அதன்மேல் தலைக்கவசம்,
கையில் ஒரு மாலுபாண்.
கடித்தார். உள்ளே மீன் இருக்கிறதா என்று பார்த்தார்.
மறுபடி கடித்தார்.

எண்ணெய் பட்டால்
இன்னொரு பிரதிக்கு வருவார்.