மூன்று மரங்களுக்குச் சமம்

செவ்வாய்க்கிழமை என் முறை.
எண்ணூறு லிட்டர் பச்சை நீர்,
கண்ணாடிக்குள்.
மூடியின் நான்கு திருகாணிகளில் ஒன்று
எப்போதும் கையோடு கழன்று வரும்.

தொட்டியில் ஒட்டிய தகடு சொல்கிறது:
இது மூன்று மரங்களுக்குச் சமம்.
எந்த மூன்று என்று சொல்லவில்லை.

இலை உதிராது, பறவை எச்சம் விழாது,
வேர் ஓடாது என்று
திறப்பு விழாவில் பொறியாளர் வுகாஷின்
விரல் மடக்கினார்.
மரத்தைப் புகழ்கிறவர்களும்
இப்படித்தான் விரல் மடக்குகிறார்கள்.

மூன்றடி தள்ளி, நடைபாதைக் கல் மட்டத்துக்கு
அறுத்துவிட்ட லிண்டன்.
குடிநீர்க் குழாயை அதன் வேர் பிளந்ததாம்.
உண்மைதான்.
மருந்துக்கடை யாகொடா
முழங்கால் தண்ணீரில்
மாத்திரைப் பெட்டிகளைத் துரத்திப் பிடித்ததை
நானே பார்த்தேன்.
ஜூன் மாதப் பூவாசத்துக்காக வாதாட
அன்றைக்கு பெல்கிரேடில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பிறகு நட்ட கன்றுகளில்
முதலாவதை உப்பு தின்றது,
பனி உருக்கத் தூவிய உப்பு.
இரண்டாவதை ஒரு வேன்.
மூன்றாவது ஏன் செத்தது என்பதற்குக்
கோப்பில் காரணம் இல்லை.

பாசி சாகவில்லை.
கோஷவா காற்று எலும்பைக் குடையும் டிசம்பர் இரவிலும்
விளக்கொளியில் மெல்லப் புரள்கிறது,
வயிற்றுப் பிள்ளை புரள்வதுபோல்.
அதை எனக்குப் பிடிக்காது என்று
நான் சொன்னதே இல்லை.

ஜூலையில்தான் கணக்கு இடறுகிறது.
பிற்பகல் இரண்டு மணிக்குத் தொட்டியின் நிழல்
ஒரு நாயின் அகலம்.
அந்த நாயும் வந்து படுத்துவிட்டது.
சாப்பாடு கொண்டுபோகும் ஓக்னியென்
சைக்கிளைச் சாய்த்தான்,
தொட்டியோடு வந்த இருக்கையில் உட்கார்ந்தான்,
கைபேசிக்கு மின்சாரம் ஏற்றினான்,
சுட்டதும் எழுந்தான்.
அண்ணாந்து பார்த்தான்.
பழக்கம்.

மாதக் கடைசிச் செவ்வாயில்
மூன்றிலொரு பங்கு பாசியை வடிக்க வேண்டும்.
நல்ல உரம்.
பீப்பாயில் நிரப்பி, எடை போட்டு,
சாவா நதியோரக் கிடங்கில் ஒப்படைத்துக்
கையெழுத்து வாங்க வேண்டும்.
வாங்குகிறேன்.
இருபது லிட்டர் குறைவாக.
'ஆவியானது' என்று எழுதுகிறேன்.

கல்லுக்கும் அறுத்த கட்டைக்கும் இடையே
ஏழு சிம்புகள்.
அடி கோணிய இலைகள், பின்புறம் வெளிறி.
போன மாதம் கணுக்கால், இப்போது முழங்கால்.
வேன்காரர்கள் கண்ணில் படட்டும் என்று
மருந்துச்சீட்டு கட்டும் சிவப்பு நாடாவை
யாகொடா அதில் முடிந்திருக்கிறாள்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
ரம்பக்காரர்கள் கண்ணிலும் அது படும்தான்.

குழாய் அதே இடத்தில்தான் ஓடுகிறது,
புதிது, பிளாஸ்டிக்.
எனக்குத் தெரியும்.
வேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான்காவது திருகாணியை முடுக்குகிறேன்.
குமிழ் ஒன்று மேலேறுகிறது.
நாய் எழுந்து, நிழல் போன திசையில்
அரையடி நகர்ந்து
மறுபடி படுக்கிறது.